பயாப்ஸியில் ஈ.ஆர். நேர்மறை, அறுவைத் திசுவில் எதிர்மறை: காரணம் கட்டியா, கையாளுதலா?

கேள்வி: நோயியல் முதுநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.), ஹெர்-2 ஆகிய குறியான்களின் (சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும், புற்றுயிரணுக்களில் தேடப்படும் புரதங்களின்) முடிவுகளை ஊசி பயாப்ஸியிலும், அதே நோயாளியின் மார்பக நீக்க அறுவைத் திசுவிலும் ஒப்பிடுவது என் ஆய்வேட்டின் பொருள். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் சிலரிடம், பயாப்ஸியில் ஐயத்துக்கு இடமின்றி நேர்மறையாக இருந்த ஈ.ஆர்., அறுவைத் திசுவில் முற்றிலும் எதிர்மறையாக வருகிறது. எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறியவர் ஒருவர்கூட இல்லை. ஒரே கட்டிக்குள் வெவ்வேறு குணமுள்ள உயிரணுக்கள் இருப்பதே காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, இன்னும் யோசிக்கச் சொல்லித் திருப்பித் தந்தார். எல்லாமே பழைய பாரஃபின் பிளாக்குகள் (மெழுகில் பதித்துச் சேமித்த திசுத்துண்டுகள்). குறியானைக் கண்டறிய வேறு ஆன்டிபாடியைப் பயன்படுத்திப் பார்ப்பது பயன் தருமா?

மறுமொழி 1: நோயியல் மருத்துவர்

மாற்றம் ஒரே திசையில் மட்டும் நிகழ்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. கட்டியின் பன்முகத்தன்மைதான் காரணம் என்றால், சிலரிடமாவது பயாப்ஸி எதிர்மறையான பகுதியிலிருந்தும், அறுவைத் திசு நேர்மறையான பகுதியிலிருந்தும் அமைந்திருக்க வேண்டும். எப்போதும் அறுவைத் திசுதான் குறியானை இழக்கிறது என்றால், அந்தத் திசு உடலைவிட்டு வெளியே வந்த பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயாப்ஸித் துண்டு நூல்போல மெலிந்தது. எடுத்த நொடியே, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் விழுகிறது. மார்பகமோ கொழுப்பு நிறைந்த பெரிய உறுப்பு. ஃபார்மலின் திசுவுக்குள் ஏறத்தாழ மணிக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் ஊடுருவும். கொழுப்பில் அதைவிடவும் தாமதமாகும். வெட்டித் திறக்காமல் முழுதாக ஃபார்மலினில் போடப்பட்ட மார்பகத்தின் நடுவிலுள்ள கட்டி, வெளிப்புறம் பதப்பட்டு இறுகிய பின்னும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஏற்பிப் புரதம் சிதைந்துபோனால், எந்த ஆன்டிபாடியாலும் அதை மீட்டெடுக்க முடியாது. 1991-இல் ஷி குழுவினர் அறிமுகப்படுத்திய, திசுத்துண்டை வெப்பப்படுத்தும் முறை, ஃபார்மலின் மறைத்துவைத்த புரதத்தை வெளிக்கொணரும். அழிந்த புரதத்தைத் திரும்ப உண்டாக்காது.

ஆகவே ஆன்டிபாடியை மாற்றுவதற்கு முன், ஸ்லைடில் கட்டியைச் சுற்றியுள்ள இயல்பான பால் நாளங்களைப் பாருங்கள். அவற்றில் சில உயிரணுக்களாவது ஈ.ஆர். நேர்மறையாக இருக்க வேண்டும். அவையும் வெறுமையாக இருந்தால், அந்தச் சோதனை தோற்றுவிட்டது என்று பொருள். அதை 'எதிர்மறை' என்று எழுத நமக்கு உரிமையில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997-க்கும் 2005-க்கும் இடையே செய்யப்பட்ட ஏற்பிச் சோதனைகளைக் குறித்து நீதிபதி மார்கரெட் கேமரன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2009-இல் வெளிவந்தது. மாதிரிகளை டொரண்டோவுக்கு அனுப்பி மறுசோதனை செய்தபோது, 380-க்கும் மேற்பட்ட பெண்களின் முடிவுகள் தவறென்று தெரிந்தது. ஈ.ஆர். நேர்மறையானவர்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை மருந்தான டமாக்சிபென் கிடைத்திருக்க வேண்டிய பலருக்கு அது கிடைக்கவில்லை. ஒவ்வொரு முதுநிலை மாணவரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2: ஆய்வகத் தொழில்நுட்பர்

மருத்துவர் சொன்னதோடு சில நடைமுறை விவரங்களைச் சேர்க்கிறேன். சனிக்கிழமை மாலை அறுவை செய்யப்பட்ட மார்பகம், அதற்குப் போதாத சிறிய டப்பாவில், மேலே சிறிதளவு ஃபார்மலின் ஊற்றப்பட்டு, திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்த நாட்கள் பல உண்டு. திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினாவது வேண்டும் என்பது விதி. வந்தவுடன் கட்டியின் ஊடாக வெட்டி, துண்டுகளுக்கிடையே பஞ்சோ துணியோ வைத்து ஃபார்மலின் உட்புகச் செய்ய வேண்டும். மார்பகத் திசு உடலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினைச் சேர வேண்டும் என்றும், 6 முதல் 72 மணி நேரம்வரை அதில் இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது.

இரு முடிவுகளும் வேறுபட்ட உங்கள் நோயாளிகளின் அறுவை நாளையும், திசு ஆய்வகத்துக்கு வந்த நேரத்தையும் பதிவேட்டில் பாருங்கள். வார இறுதிகளிலோ விடுமுறைகளுக்கு முன்போ அவை குவிந்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன். இன்னொன்று: முன்பே வெட்டி, சாயமேற்றாமல் பெட்டியில் வைத்த ஸ்லைடுகளைப் பயன்படுத்தினீர்களா? வெட்டி 6 வாரத்துக்கு மேல் ஆன ஸ்லைடுகளில் இந்தக் குறியான்கள் மங்கிவிடக்கூடும். பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டுங்கள்.

மறுமொழி 3: உயிரிப் புள்ளியியலாளர்

இரு மாதிரிகளுக்கும் இடையில் கீமோதெரபி பெற்ற நோயாளிகளைத் தனியே பிரித்தீர்களா? சிகிச்சையாலும் ஏற்பி நிலை மாறக்கூடும் என்பதால், அவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் எதுவும் தெளிவாகாது. குறியான் ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2005-இல் வெளியான ரிமார்க் பரிந்துரைகள், மாதிரி பதப்படுத்தப்பட்ட, சேமிக்கப்பட்ட விதத்தையும் எழுதச் சொல்கின்றன. எத்தனையோ புதிய குறியான்கள் ஒரு மையத்தில் பிரகாசித்து அடுத்த மையத்தில் மறைந்துபோவதற்கு, இந்த விவரங்கள் எழுதப்படாததும் ஒரு காரணம்.

மாணவியின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஸ்லைடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வேறுபட்டவற்றுள் பெரும்பாலானவற்றில் இயல்பான நாளங்களும் சாயமேறாமல் வெறுமையாகவே இருக்கின்றன. இரண்டில் மட்டும் நாளங்கள் நன்றாகச் சாயமேறியிருக்க, கட்டி எதிர்மறையாக இருக்கிறது. அந்த இரண்டு நோயாளிகளும் அறுவைக்கு முன் கீமோதெரபி பெற்றவர்கள். நான் கட்டியின் இயல்பு என்று எழுதவிருந்தது, பெரும்பாலும் எங்கள் டப்பாவின் இயல்பாக இருந்திருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றி, அறுவை அறையிலிருந்து ஃபார்மலின்வரை கடந்த நேரத்துக்கும் குறியான் முடிவுக்கும் உள்ள தொடர்பை ஆராயலாம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 1 (தொடர்ச்சி): நோயியல் மருத்துவர்

தலைப்பை மாற்றுவது நல்லது. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நாளங்கள் வெறுமையாக உள்ள ஸ்லைடுகளுக்குரிய நோயாளிகளின் கோப்புகளில் எந்த முடிவின் அடிப்படையில் சிகிச்சை முடிவானது என்பதை உங்கள் துறைத் தலைவருடன் சேர்ந்து இந்த வாரமே பாருங்கள். உயிரணுக்களில் 1 விழுக்காடு சாயமேறினாலும் நேர்மறை என்று கொள்ளப்படுவதால், பயாப்ஸி முடிவே போதும். அறுவைத் திசுவின் எதிர்மறை அறிக்கையை வைத்து யாருக்காவது ஹார்மோன் சிகிச்சை நிறுத்தப்பட்டிருந்தால், திருத்திய அறிக்கை உடனே புற்றுநோய் மருத்துவரைச் சேர வேண்டும். ஹெர்-2 முடிவுகளையும் அந்த பிளாக்குகளில் அப்படியே நம்ப வேண்டாம். பயாப்ஸி பிளாக்கிலிருந்து மறுபடியும் செய்யுங்கள்.