புதுப்பிப்பு: ஏற்காட்டு நண்பர் பற்றி

இரைப்பைப் புற்றுநோயோடு போராடும் என் கல்லூரித் தோழர், ஏற்காடு மலையின் கிராம நிர்வாக அலுவலர், மூன்றாவது கீமோவுக்குப் பிறகு தேறிவருவதாகச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். வியாழன் விடியற்காலையில் காலமானார்.

அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர்; விசாரணை அறிக்கை மட்டும் கீழிருந்து போக வேண்டும். அதை நண்பர் காபி உலர்த்தும் களத்திலேயே உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதுவார். பனியில் முத்திரை மை லேசில் காயாது. ஊதி ஊதிக் காயவைத்த பிறகே தாளை மடிப்பார். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் வரும் பஸ்ஸில் அந்தத் தாள்கள் இருக்கும் பை அவர் மடியை விட்டு இறங்காது.

கடைசியாகப் பார்த்தபோது பேச முடியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணின் தாத்தாவுடைய பட்டா நகல். (படுக்கையில் கிடப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.) பொறுப்பு அலுவலரிடம் சேர்த்தேன்.

நேற்று சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு படி மிளகைக் கொண்டுவந்து நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாராம். அண்ணி போனில் சொன்னார்.