பெரிய அளவும் தைக்கிறோம் என்பதை எந்தச் சொல்லில் எழுதுவது?

தையல்கடை_அட்டன்:
எல்லாருக்கும் வணக்கம். அட்டன் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே சின்னதாக ஒரு தையல் கடை நடத்துகிறேன். சாரி ஜாக்கெட், சுடிதார், கல்யாண வேலை எல்லாம் செய்வேன். தீபாவளிக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போட வேண்டும். ரெடிமேட் கடைகளில் அளவு கிடைக்காதவர்களுக்கும் தைத்துக் கொடுக்கிறோம் என்று அதில் ஒரு வரி வர வேண்டும், அந்த ஒரு வரிதான் வருவேனா என்கிறது. ‘குண்டானவர்களுக்கும்’ என்று எழுதினால் ஒருத்தரும் கடைப் படி ஏற மாட்டார்கள். ‘பருமனானவர்களுக்கும்’ என்றால் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதினது மாதிரி இருக்கிறது. ‘ப்ளஸ் சைஸ்’ என்று போடச் சொல்கிறாள் மகள், ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து அம்மாமார், ஏதோ புது ஃபோன் வந்திருக்கிறது என்று நினைப்பார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு அளவு கொடுக்க ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அப்பாயி வந்தார். “புள்ள இப்பத்தான் கொஞ்சம் ஒடம்பு வச்சிருக்கு, பாத்து தைச்சுக் குடும்மா” என்று அவ்வளவு பூரிப்பாகச் சொன்னார். பிள்ளைக்கு முகம் சுண்டிப் போய்விட்டது, அதற்குப் பிறகு அளவு நாடாவைப் பக்கத்தில் கொண்டு போகவே விடவில்லை. பெரியவர் வாழ்த்தித்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் திட்டாகத்தான் கேட்டது, அதுவும் தெரியும். இது எப்போது இப்படி ஆனது?

பண்டாரவளை_டீச்சர்:
தங்கச்சி, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பாட்டில் பெண்ணைப் புகழ அடிக்கடி வருகிற சொல் ‘பணைத்தோள்’. பணை என்றால் மூங்கில், பருமை என்றும் பொருள் உண்டு. தோள் திரண்டு இருந்தால்தான் அழகு. காதலன் பிரிந்து போனால் தோள் மெலியும், வளையல் கழன்று விழும், தோழி பதறுவாள். குறள் 1234 இதைத்தான் சொல்கிறது, ‘பணைநீங்கிப் பைந்தொடி சோரும்’ என்று. தோளின் பருமை போய் வளை கழல்கிறது, கூடவே பழைய அழகும் வாடிவிட்டது என்று அந்தக் குறள் முடிகிறது. வகுப்பில் இதை விளக்கினால், “டீச்சர், வெயிட் குறைஞ்சா சந்தோஷப்படத்தானே வேணும்” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் கோபிப்பதில்லை, அவர்கள் வளர்ந்த காலத்தில் அப்படித்தான்.

ஆனால் ஒல்லி ஆசையைச் சினிமாதான் கொண்டுவந்தது என்று சொல்வதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். இடை என்று வந்துவிட்டால் நம் புலவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொடியிடை, மின்னலிடை, உடுக்கையின் நடுப்பகுதி மாதிரித் துடியிடை என்று மெலித்துக்கொண்டே போய், கடைசியில் இடையே இல்லை என்கிற அளவுக்கு வந்து நின்றார்கள். இடை மட்டும் மெலிந்திருந்தால் போதும், தோளும் மற்றதும் நிறைந்திருக்க வேண்டும். தலை முதல் கால் வரை எல்லாமே மெலிய வேண்டும் என்பதுதான் புதுசு.

சொற்கள் எப்படிக் கெட்டுப் போயின என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘தட’ என்றால் பெருமை, அதாவது பெரிய தன்மை என்கிறது தொல்காப்பியம். தடந்தோள், தடங்கண் எல்லாம் புகழ்ச்சி. அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்தான் இன்றைக்கு ‘தடிச்சி’. ‘குண்டு’ என்றால் பழைய தமிழில் ஆழம். குண்டகழி என்று ஆழமான அகழியைச் சொன்னார்கள், ஆளைச் சொல்லவில்லை. ‘லட்சணம்’ இன்னும் பாவம். உடம்பில் இருக்க வேண்டிய நல்ல அடையாளங்களைக் குறித்த சொல், இப்போது பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் “லட்சணமா இருக்கா” என்று இழுத்தால் அழகில்லை என்று அர்த்தம், “நீ இருக்கிற லட்சணத்துக்கு” என்றால் நேரடியாகவே வசைதான்.

சும்மா_பாக்கிறவன்:
இதெல்லாம் ஓவர். குண்டு என்றால் குண்டு, ஒல்லி என்றால் ஒல்லி. எங்களையும்தான் தொப்பை தொப்பை என்கிறார்கள், நாங்கள் என்ன அழுதுகொண்டா இருக்கிறோம்?

கொழுந்துக்கூடை:
தம்பி, உங்கள் தொப்பையைக் காட்டி யாராவது சீதனத்தைக் கூட்டிக் கேட்டார்களா?

கிளினிக்_அக்கா:
அதானே 😄

நான் தோட்டப் பக்கம் மிட்வைஃபாக வேலை செய்கிறேன். அந்த அப்பாயி சொன்னதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அவர் வயதுக்காரர்களிடம் 1973, 74 பற்றிக் கேட்டுப் பாருங்கள். அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. அந்தப் பஞ்சத்தைப் பார்த்த ஒருவருக்கு மெலிந்த பிள்ளை என்றால் சோறு கிடைக்காத பிள்ளை, இல்லாவிட்டால் காசநோய் பிடித்த பிள்ளை. “உடம்பு வச்சிருக்கு” என்றால் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, பிள்ளைக்கு நோய் இல்லை, மருமகளாகப் போனால் மலை ஏறிக் கொழுந்து எடுத்துப் பேர் வாங்குவாள், பிள்ளை பெற்றும் எழுந்திருப்பாள் என்று அத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘திடமான புள்ள’ என்று சொல்வதும் அதே கணக்குத்தான்.

பஞ்சம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2016 இலங்கைக் குடித்தொகை சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் 32 வீதத்துக்குக் கிட்ட. கிளினிக்கில் இன்றைக்கும் நிறை காணாத தாய்மாருக்குத் திரிபோஷ சத்துமா கொடுக்கிறோம். அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அதே காம்பரா அறையில், நாற்பது வயது அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். சோறும் ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான் சாப்பாடு என்றால் வேறு எப்படி இருக்கும்? அதனால் ஒரே வீட்டில் ஒருத்தியிடம் “கொஞ்சம் உடம்பு வைக்க வேணும்” என்றும் இன்னொருத்தியிடம் “உடம்பைக் குறைக்க வேணும்” என்றும் நானே சொல்லிவிட்டு வருகிறேன். சொல்லுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று குழப்பம் வராமல் என்ன செய்யும்.

இன்னொரு விஷயம், இதை நான் பயிற்சிக்குப் பிறகுதான் படித்தேன். நிறையையும் உயரத்தையும் வைத்து நாங்கள் பார்க்கிற பி.எம்.ஐ, உடற்திணிவுச் சுட்டெண், அந்தக் கணக்கை 1830களில் போட்டவர் க்வெட்டலே என்ற பெல்ஜியக்காரர், அவர் வைத்தியரே இல்லை. அதற்கு இந்தப் பெயரை வைத்து 1972இல் கட்டுரை எழுதிய ஆன்செல் கீஸ் குழு அளந்து பார்த்ததெல்லாம் ஆண்களை. ஆசியர்களுக்கு அந்த எண் 25 ஆகும் வரை காத்திருக்காமல் 23இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று 2004இல்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு சொன்னது. கிளினிக்குக்கு அது தேவை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிளினிக் அட்டையில் இருக்கிற ‘அதிநிறை’ என்ற சொல்லைத் தூக்கி வந்து கல்யாணப் பேச்சில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்டி_பஸ்ஸில்_தினமும்:
சிங்களத்தில் இதைவிடக் கூத்து. மெலிந்தவரை ‘கெட்டு’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்கிற அக்கா என்னைப் பார்த்து “ஒயா கெட்டு வெலா” என்றார், யாரோ என்னைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று பயந்தே போனேன். மெலிந்துவிட்டாய் என்றுதான் சொன்னாராம், அதுவும் பாராட்டாக. பருத்தால் ‘மஹத்’. மகத்தானவர், மகத்துவம் எல்லாம் வருகிற அதே வடமொழிச் சொல். பருத்தால் மகத்து, மெலிந்தால் கெட்டு. எங்கள் அப்பாயி கேட்டிருந்தால் சிங்களவர்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்றிருப்பார்.

அப்புறம் ‘கட்டை’. இங்கே கட்டை என்றால் உயரம் குறைந்தவர், அவ்வளவுதான். என் மச்சாள் ஐந்தடி கூட இல்லை, சின்ன வயதிலிருந்தே அவளைக் கட்டை கட்டை என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் இருந்து வந்த ஒரு உறவுக்காரர் முன்னால் அப்படிக் கூப்பிட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் படங்களில் ‘நாட்டுக்கட்டை’ என்றால் பெண்ணின் உடம்பை ஆசையோடு வர்ணிக்கிற கொச்சைப் பேச்சு என்று பிறகுதான் புரிந்தது.

லேபிள்_வெட்டினவள்:
கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், சோன் என்பார்களே, அங்கே கார்மெண்ட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். எக்ஸ்எல் என்று கேட்டதும் முகம் வாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரே உடுப்பு, இங்கிலாந்துக்குப் போனால் 12, அமெரிக்காவுக்குப் போனால் 8, ஐரோப்பாவுக்குப் போனால் 40. உடுப்பு ஒன்று, லேபிள்தான் வேறு. அதிலும் சில பிராண்டுகள் வாங்குகிறவர்கள் மனம் குளிர வேண்டும் என்று துணியைப் பெரிதாக்கி நம்பரைச் சின்னதாகவே வைத்துக்கொள்வார்கள். ஸீரோ சைஸ் என்பதும் அமெரிக்க லேபிளில் ஒரு நம்பர், அவ்வளவுதான். 2008 வாக்கில் ஒரு இந்தி நடிகை படத்துக்காக மெலிந்து காட்டிய பிறகு, உடுப்பில் இருந்த நம்பர் ஆளுக்கு வந்துவிட்டது.

ஊரில் என்னை விட்டு வைத்தார்களா? திரும்பி வந்ததும் “சோன் சாப்பாட்டுல வத்திப் போய்ட்டா” என்றார்கள். அங்கே விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு நான் ‘செம ஸ்லிம்’. பஸ் ஏறி இறங்கியதில் என் உடம்பு மாறவில்லை.

பப்ளி_இல்லை:
இரவல் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பப்ளி என்றால் துள்ளலும் கலகலப்புமாக இருக்கிறவர். நம் ஆட்கள் கையில் அது கொழுகொழு என்று ஆகிவிட்டது. ஃபிகர் என்றால் உடலமைப்பு, இங்கே அது பெண்ணே ஆகிவிட்டாள், “அந்த ஃபிகர் போகுது” என்கிறார்கள், ஆளைக் கழித்துவிட்டு வடிவத்தை மட்டும் பார்ப்பவன் பேச்சு என்று எனக்குப் படும். குஷ்பு இட்லி என்று ஒரு நடிகையின் பெயரை இட்லிக்கே வைத்த காலத்தில், பூசின உடம்பு திரையில் கொண்டாட்டமாக இருந்தது. அடுத்து வந்த நடிகைகளிடம் அதே உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள், இட்லி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆங்கிலேயர்களும் மோசம்தான். பெரிய மார்புள்ள பெண்ணைச் சொல்கிற ‘பக்ஸம்’ என்ற சொல்லுக்குப் பழைய அர்த்தம் வளைந்து கொடுக்கிற, சொல்பேச்சுக் கேட்கிற என்பது. பிறகு கலகலப்பானவர், பிறகு ஆரோக்கியமானவர், அதற்கும் பிறகுதான் இன்றைய அர்த்தம்.

சும்மா_பாக்கிறவன்:
சரி சரி, சீதனப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விளம்பரத்துக்கு எழுத என்ன சொல் என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லையே?

பண்டாரவளை_டீச்சர்:
‘நிறைவான உடல்வாகு’ என்று போடலாம்.

கொழுந்துக்கூடை:
டீச்சர், மன்னிக்க வேண்டும், அது நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. இன்றைக்கு நிறைவு என்று எழுதினால் நாளைக்குப் பையன்கள் “ஏய் நிறைவு” என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். எந்த நல்ல சொல்லைக் கொண்டுவந்தாலும் கொஞ்ச நாளில் அதற்கும் இதே கதிதான். அக்கா, நீங்கள் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். மார்பளவு எத்தனை அங்குலத்திலிருந்து எத்தனை வரை தைப்பீர்கள் என்று நம்பரை மட்டும் போடுங்கள். தன் அளவு தெரிந்தவள் பார்த்துவிட்டு வருவாள்.

லேபிள்_வெட்டினவள்:
இதுதான் சரி. சென்டிமீற்றர் வேண்டாம், நம் அம்மாமாருக்கு அங்குலம்தான் தெரியும். கை அளவையும் சேர்த்துப் போடுங்கள், பாதிப் பேருக்கு ரெடிமேட் ஜாக்கெட்டில் பிடிப்பது மார்பில் இல்லை, மேல்கையில்.

தையல்கடை_அட்டன்:
எல்லாருக்கும் நன்றி. ‘மார்பு 28 அங்குலம் முதல் 54 வரை, கைச் சுற்றளவு எதுவானாலும்’ என்று எழுதிவிட்டேன். மகள் ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் இனி நானும் “கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க, அரை மீற்றர் கூட வேணும்” என்று சொல்லாமல், இத்தனை மீற்றர் வேண்டும் என்று மட்டும் சொல்லப் போகிறேன். கல்யாணப் பிள்ளை தனியாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாயிக்கு அவள் என்ன சொன்னாளோ தெரியாது, நானும் கேட்கவில்லை.

அக்கரப்பத்தனை_வாசி:
அக்கா, நடுவில் புகுந்து கேட்கிறேன். தீபாவளிக்கு மூன்று ஜாக்கெட் தைக்க வேண்டும். இப்போது துணி கொண்டுவந்தால் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பீர்களா?

தையல்கடை_அட்டன்:
ஞாயிறு மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும் தங்கச்சி. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.