பழைய தீப்பெட்டிப் படங்கள் யார்கிட்டயாவது இருக்கா?

குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். மரச்சீவல் தீப்பெட்டி மேல ஒட்டியிருந்த காகிதப் படங்களைத் தேடிட்டு இருக்கேன். 1989-ல் நம்ம வட ஆற்காடு மாவட்டம் பிரியறதுக்கு முந்தி வந்ததுன்னா ரொம்ப சந்தோஷம்.

சின்ன வயசுல இந்தப் படங்களை வெச்சுத்தான் விளையாடுவோம். பெட்டியைத் தண்ணியில ஊறவெச்சு, படம் கிழியாம உரிச்சு, சிலேட்டு மேல காயவெப்போம். வட்டம் போட்டு நடுவுல படங்களை அடுக்கி, சில்லால அடிச்சு கோட்டுக்கு வெளிய தள்ளினா அது நமக்கு. உள்ளூர்ப் படத்துக்கு மதிப்பு கம்மி. சிவகாசி, கோவில்பட்டியிலிருந்து வந்ததுக்குத்தான் கிராக்கி. நம்ம ஊர்லயே தீப்பெட்டித் தொழில் நடந்ததால உள்ளூர்ப் படம் சுலபமா கிடைக்கும், வேற எப்படி இருக்கும்! ஒரு சிவகாசிப் படத்துக்கு நாலஞ்சு உள்ளூர்ப் படம் குடுத்து மாத்துவாங்க.

வீட்ல பெட்டி ஒட்டின குடும்பங்கள்ல, மிஞ்சின தாள்கள் பரண்லயோ டிரங்குப் பெட்டியிலயோ இன்னும் கிடக்கலாம். அம்மாவை, ஆயாவைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. படத்தைக் குடுக்க வேணாம், வெளிச்சத்துல நேரா எடுத்த போட்டோ போதும். எங்க ஊர் ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு ஆல்பம் செய்யறேன்.

உங்க தெருவுல ஆட்ட விதி வேற மாதிரி இருந்திருந்தா அதையும் கீழ எழுதுங்க.