மறுமொழி: ஹோல், லோ ஃபேட், ஸ்கிம் – பால் வகைகளுக்கான கலைச்சொற்கள்

அன்புடையீர்,

வணக்கம். ஹோல் மில்க், லோ ஃபேட் மில்க், ஸ்கிம் மில்க் ஆகியவற்றுக்கு முறையே ‘முழுப்பால்’, ‘சமன்படுத்திய பால்’, ‘ஆடை நீக்கிய பால்’ என்று இம்மடலிழையில் முன்மொழியப்பட்டுள்ள சொற்களை அப்படியே நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செவிக்கு மூன்றும் இயல்பாகவே ஒலிக்கின்றன. ஆனால் ஓர் உணவுக் குறிப்பிலோ மருத்துவக் கையேட்டிலோ இச்சொற்களைப் படித்தவர் கடைக்குப் போய் எந்தப் பாலை வாங்குவார் என்று எண்ணிப் பார்த்தால், மூன்றுமே அவரைத் தவறான பாலிடம் கொண்டு சேர்க்கக்கூடியவை என்பது புலப்படும்.

முதலில் ‘முழுப்பால்’. அமெரிக்காவில் ஹோல் மில்க் என்று விற்கப்படும் பாலில் குறைந்தது 3.25 சதவீதக் கொழுப்பும், ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 3.5 சதவீதக் கொழுப்பும் இருக்க வேண்டும். இந்தியாவில் ஃபுல் கிரீம் பாலுக்கு வரையறுக்கப்பட்ட கொழுப்பு 6 சதவீதம். நிலைப்படுத்திய பாலுக்கு 4.5, சமன்படுத்திய பாலுக்கு 3, இருநிலை சமன்படுத்திய பாலுக்கு 1.5. ஆவின் பாக்கெட்டுகளின் நிறத்தில் சொல்வதானால் ஆரஞ்சு, பச்சை, நீலம், மெஜந்தா. ‘முழுப்பால்’ என்று படிக்கும் சென்னைவாசி ஆரஞ்சு பாக்கெட்டைத்தான் நினைப்பார். ஹோல் மில்க் என்று ஆங்கில மூலத்தில் எழுதியவர் குறிப்பிட்டதோ ஏறத்தாழ அதில் பாதிக் கொழுப்புள்ள ஒரு பாலை. இந்நான்கில் அதற்கு மிக அருகில் நிற்பது நீல பாக்கெட். இதன் விளைவு சிறியதன்று. ஆரஞ்சும் பச்சையும் பக்கத்தில் இருப்பதால் நீல பாக்கெட்டைக் ‘கொழுப்பு குறைந்த பால்’ என்றே நம்மில் பலர் கருதிக்கொண்டிருக்கிறோம். ஹோல் மில்கை விட்டுவிட்டு லோ ஃபேட் பாலுக்கு மாறுங்கள் என்று வெளிநாட்டு மருத்துவர் எழுதியதன் தமிழாக்கத்தைப் படிக்கும் ஒருவர், தாம் ஏற்கெனவே மாறிவிட்டதாக எண்ணி, அம்மருத்துவர் எந்தப் பாலை விடச் சொன்னாரோ ஏறக்குறைய அதே பாலைத் தொடர்ந்து குடித்துக்கொண்டிருப்பார்.

இலங்கை வழக்கைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே ‘முழு ஆடைப் பால்மா’ என்ற சொல் நன்கு வேரூன்றியிருக்கிறது. பன்னாட்டு உணவுத் தரவரையறைப்படி அத்தகைய பால்மாவில் குறைந்தது 26 சதவீதக் கொழுப்பு இருக்க வேண்டும். ஒரு பங்கு மாவை ஏழு பங்கு நீரில் கரைத்தால் கிடைக்கும் பாலில் கொழுப்பு 3.25 சதவீதம். ஆக, ‘முழு’ என்னும் அடைமொழி கொழும்பில் ஏறத்தாழ 3.25 சதவீதத்தையும் சென்னையில் 6 சதவீதத்தையும் சுட்டுகிறது. இரண்டு கரையிலும் பயன்பட வேண்டிய ஒரு தொகுப்பில் அச்சொல்லுக்கு இடம் தர இயலாது. பால்மாவுக்கு அவர்கள் வழங்கும் பெயரை நாம் மாற்றச் சொல்லவும் தேவையில்லை. நீர்மப் பாலுக்கான கலைச்சொல்லில் ‘முழு’வைத் தவிர்த்தால் போதும்.

அடுத்து ‘சமன்படுத்திய பால்’. பாக்கெட்டில் அச்சாகிப் பழகிவிட்ட இச்சொல்லை லோ ஃபேட் என்பதற்கு நிகராக வைக்கலாம் என்பது அதை முன்மொழிந்த நண்பரின் கருத்து. ஆனால் பாக்கெட்டில் அச்சொல் குறிக்கும் டோன்ட் மில்க் (toned milk) என்பது இந்தியச் சூழலில் பிறந்த ஒரு தனிப் பொருள். பம்பாயில் பால் பற்றாக்குறை இருந்த 1940களில், தாரா நுசர்வான்ஜி குரோடி என்பவர், கொழுப்பு மிகுந்த எருமைப் பாலுடன் கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் நீரையும் சேர்த்து, கொழுப்பைக் குறைத்து, மற்றச் சத்துகளைத் தக்கவைத்து, பாலின் அளவையும் பெருக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். 1946 முதல் அந்தப் பால் அந்நகரில் விற்பனைக்கு வந்தது. (1963ஆம் ஆண்டின் மகசேசே விருதை வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் இவரே. நம் பால் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.) ஆகவே ‘சமன்படுத்திய பால்’ டோன்ட் மில்க்குக்கு மட்டுமே உரிய சட்டப் பெயராக இருக்கட்டும். கொழுப்பைப் பால் முழுவதும் ஒரே சீராகச் சிதறச் செய்யும் ஹோமோஜினைஸ் முறைக்கும் சிலர் ‘சமன்படுத்தல்’ என்றே எழுதிவருகிறார்கள் என்பதால், இச்சொல்லின் மேல் மூன்றாவது சுமையையும் ஏற்றுவது சரியன்று.

‘ஆடை நீக்கிய பால்’ குறித்துத்தான் எனக்கு உண்மையான கவலை. தமிழர் வீட்டில் ஆடை என்பது, காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் படலம். வெப்பத்தால் திரளும் புரதமும் அதனுடன் சேர்ந்து வரும் கொழுப்பும் கலந்தது அது. அதைக் கரண்டியால் எடுத்துவிட்டாலும் கொழுப்பின் பெரும்பகுதி பாலிலேயே தங்கிவிடுகிறது. ஸ்கிம் மில்கின் கொழுப்போ 0.5 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. அந்த அளவுக்கு இறங்க, 1878இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல் உருவாக்கியது போன்ற, பாலை விரைந்து சுழற்றிப் பாலேட்டைப் பிரிக்கும் பொறி வேண்டும். இதய நோயாளி ஒருவருக்குத் தரும் கையேட்டில் ‘ஆடை நீக்கிய பாலைப் பருகவும்’ என்று எழுதினால், ஆரஞ்சு பாக்கெட்டைக் காய்ச்சி, ஆடையை ஒதுக்கிவிட்டு, மருத்துவர் சொன்னபடி நடப்பதாக அவர் மனநிறைவு கொள்வார். 200 மில்லி 6 சதவீதப் பாலில் ஏறத்தாழ 12 கிராம் கொழுப்பு உண்டு. கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் கொழுப்பு மட்டுமே 108 கிலோகலோரி தரும். அதே அளவு ஸ்கிம் மில்கில் ஒரு கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்காது. ஒரு சொல் இவ்வளவு பெரிய இடைவெளியை மறைக்குமானால் அதை நாம் கைவிடத்தான் வேண்டும்.

இதற்கு மாற்றாக ‘கொழுப்பற்ற பால்’ என்று இன்னொரு மடலில் கூறப்பட்டது. அரை சதவீதம் வரை எஞ்சியிருக்கலாம் என்பதால் ‘அற்ற’ என்பது மிகைக் கூற்று. பால்பொடிப் பைகளில் ஏற்கெனவே வழங்கிவரும் ‘கொழுப்பு நீக்கிய’ என்பதே போதுமானது. என்ன செய்யப்பட்டது என்பதை அது சொல்கிறது, எஞ்சியதைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

ஹோல் மில்க்குக்கும் ஸ்கிம் மில்க்குக்கும் நடுவில் உள்ள இரண்டு வகைகளையும் பிரிப்பதுதான் கடினம். அமெரிக்காவில் 2 சதவீதப் பாலை முன்பு லோ ஃபேட் என்றே அழைத்தார்கள். 1998 ஜனவரி முதல் அதை ரெட்யூஸ்டு ஃபேட் என்று மாற்றி, லோ ஃபேட் என்ற பெயரை 1 சதவீதப் பாலுக்கு விட்டார்கள். முன்னது ஒப்பீட்டுச் சொல்: மூலப்பொருளைவிடக் குறைந்தது 25 சதவீதம் கொழுப்பு குறைக்கப்பட்டிருக்க வேண்டும். பின்னது அளவுச் சொல்: பரிமாறும் ஓர் அளவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது. தமிழில் பிறவினைக்கும் தன்வினைக்கும் உள்ள வேறுபாடு இதற்கெனவே அமைந்தது போல் தோன்றுகிறது: கொழுப்பு குறைத்த பால், கொழுப்பு குறைந்த பால். எனினும் ஒரே எழுத்தில் வேறுபடும் இணையைக் கலைச்சொல்லாக்கினால் அச்சிலும் படிப்பிலும் அது நிலைக்காது. ஆகவே ரெட்யூஸ்டு ஃபேட் என்பதற்கும், ஐரோப்பாவில் 1.5 முதல் 1.8 சதவீதம் வரை உள்ள செமி ஸ்கிம்டு பாலுக்கும் ‘கொழுப்பு குறைத்த பால்’ என்பதையும், 1 சதவீதப் பாலுக்குத் ‘தாழ்கொழுப்புப் பால்’ என்பதையும் முன்வைக்கிறேன்.

ஹோல் மில்க்குக்கு ‘இயல்கொழுப்புப் பால்’ என்பது என் பரிந்துரை. 6 சதவீதப் பாலுக்கு இங்கு வழங்கிவரும் ‘நிறைகொழுப்புப் பால்’ அப்படியே தொடரலாம். நிறைகுடம், தாழ்குழல் போல இயல்கொழுப்பு, நிறைகொழுப்பு, தாழ்கொழுப்பு மூன்றும் வினைத்தொகைகள் என்பதால் ககரம் மிகாது. ‘நிறைக்கொழுப்பு’ என்று எழுதுவது பிழை. ஆலையில் 3.25 அல்லது 3.5 என்று திருத்தியமைத்த பாலை ‘இயல்’ எனலாமா என்ற கேள்வி எழும். பசும்பாலின் இயற்கைக் கொழுப்பளவை ஒட்டியது என்ற பொருளில் அது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

பாக்கெட் நிறத்தையோ மூடி நிறத்தையோ விளக்கத்தில் சேர்க்கலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். பிரிட்டனில் பெரும்பாலும் நீல மூடி ஹோல் மில்க், பச்சை மூடி செமி ஸ்கிம்டு, சிவப்பு மூடி ஸ்கிம். சென்னையிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் பச்சையைக் கண்டு கொழுப்பு மிகுந்த பால் என்று எண்ணினால் ஏமாறும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையின் அறிவுரைப்படி ஒன்று முதல் இரண்டு வயது வரை ஹோல் மில்க்தான். செமி ஸ்கிம்டு இரண்டு வயதுக்குப் பிறகு. ஸ்கிம்மும் 1 சதவீதப் பாலும் ஐந்து வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது. சிறு குழந்தைக்குக் கொழுப்பும் அதில் கரையும் வைட்டமின் ஏயும் தேவை என்பதால் அங்குள்ள தமிழ்த் தாய்மாருக்கான துண்டறிக்கைகளில் இச்சொற்கள் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

கொழுப்பைக் குறைத்த பாலுக்கு ‘நீர்த்த பால்’ என்ற முன்மொழிவு முற்றிலும் பொருந்தாது. பால் சங்கங்களில் ‘இதர சத்து’ எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருள் சமன்படுத்திய பாலில் 8.5 சதவீதம், அதைவிடக் கொழுப்பு குறைவான இருநிலை சமன்படுத்திய பாலிலோ 9 சதவீதம். கொழுப்பை நீக்குவதால் புரதமும் கால்சியமும் குறைந்துவிடுவதில்லை.

தொகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே கொழுப்பின் சதவீதத்தையும் அது எந்த நாட்டு வரையறை என்பதையும் கட்டாயமாகக் குறிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘தாழ்கொழுப்பு’ குறித்து மாற்றுக் கருத்துள்ளவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள். அது ஒன்றில்தான் எனக்கு இன்னும் முழு உறுதி இல்லை.

அன்புடன்.