புரோபயாடிக்: ‘நல்லுயிரி’யா, ‘உறையுயிரி’யா?

தாய்மாருக்கான நம் துண்டறிக்கையில் ‘புரோபயாடிக்’ (உடலுக்குப் பயன் தருவதற்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிரிகள்) என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் போடுவது என்று இந்த இழையில் நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்:

> ‘ப்ரோ’ என்றால் முன்தானே, ‘முன்னுயிரி’ என்று போட்டுவிடலாமே?

இல்லை ஐயா, இங்கே ‘ப்ரோ’ என்பது ‘சார்பாக’ என்ற பொருளில் வருகிறது. ‘முன்’ என்று வைத்தால் அடுத்த வரியிலேயே பிரீபயாடிக் வந்து இடிக்கும். அது உயிரியே இல்லை. வெங்காயம், பூண்டில் இருக்கும் இன்யூலின் மாதிரி, நமக்குச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு இரையாகும் பொருள். ‘குடலுயிரி ஊட்டம்’ என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாருக்கும் புரியும்.

> பெரும்பாலோர் ‘நல்லுயிரி’ பக்கம். திங்கட்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகவேண்டும்.

அவசரம் தெரிகிறது. ஆனாலும் பெயரிலேயே ‘நல்ல’ என்று சான்றிதழ் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன, சரி. ஆனால் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்தபின், 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விட்டது. நம் துண்டறிக்கை போவதும் தாய்மார் கைக்குத்தான்.

என் பரிந்துரை ‘உறையுயிரி’. பாலுக்கு உறை ஊற்றுவது எல்லார் வீட்டிலும் நடப்பது. புறநானூறு 276இல் ஆய்மகள் (இடையர் பெண்) நகத்தால் தெறித்த ‘சில்லுறை’, அதாவது துளி உறைமோர், ஒரு குடம் பாலையே மாற்றிவிடுகிறதே, அதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு புரோபயாடிக்குக்கு வகுத்த வரையறையும் இதுதான்: உயிரோடு இருக்கவேண்டும், போதிய அளவில் உட்கொள்ளவேண்டும், உடலுக்குப் பயன் தரவேண்டும். அந்த ‘உயிரோடு’ விட்டுப்போவதால்தான் இட்லியும் புரோபயாடிக் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். மாவில் அவை பெருகியிருக்கும், ஆவியில் வெந்தபின் எங்கே பிழைக்கும்? தயிர், மோர் கதை வேறு.

> உறைதல் என்றால் தங்குதல். மாத்திரையில் போகிறவை குடலில் தங்குவதில்லையே அம்மா?

நியாயமான கேள்வி. நிறுத்திய சில நாளில், சில வாரத்தில் பெரும்பாலானவை போய்விடும். நான் எடுப்பது ‘உறைமோர்’ உறையை, ‘உறைவிடம்’ உறையை அல்ல. இரண்டும் ஒரே வேரா என்று அப்புறம் தனி இழையில் பேசுவோம், எனக்கும் ஆசைதான்.

திங்கட்கிழமைக்குப் ‘புரோபயாடிக்’ என்றே போடுங்கள், மருந்துக்கடையில் அப்படித்தான் கேட்பார்கள். பக்கத்தில் ‘உயிருள்ள நுண்ணுயிரிகள் கொண்டது, மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கவும்’ என்று ஒரு வரி. ‘நல்லுயிரி’க்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.