கெக் ஓ-ரிங்குக்கு எந்த கிரீஸ் தடவுகிறீர்கள்? பெங்களூரு நண்பர்களின் அனுபவம்

அல்சூரிலிருந்து:

வீட்டில் கொம்புச்சாவும் (புளிக்கவைத்த தேநீர்) இஞ்சி சோடாவும் போட்டு 19 லிட்டர் கெக்கில், அதாவது வாயு அழுத்தத்தில் பானம் வைக்கும் எஃகு உருளையில், ஏற்றுகிறேன். மூடியில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு என்ன தடவலாம் என்று கேட்டால் ஒருவர் தேங்காய் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் பெட்ரோலியம் ஜெல்லி என்கிறார். ரெண்டுமே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஃபிரிட்ஜில் கெட்டியாகிக் கிடக்கும், போகப்போகக் காறல் வாடை வரும், அந்த வாடை நேராகப் பானத்தில்தான் இறங்கும். நான் உணவுத் தர சிலிகான் கிரீஸ்தான் பயன்படுத்துகிறேன். எஸ்பி ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் டியூபில் என்எஸ்எஃப் எச்1 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். தற்செயலாக உணவில் பட்டாலும் பரவாயில்லை என்ற வகை அது. ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் சிலிகான் ஸ்ப்ரே வேறு சரக்கு, அதில் கரைப்பான் கலந்திருக்கும், கெக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பீன்யாவிலிருந்து:

நான் ரப்பர் சீல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன் சார், அதனால் ஒன்று சொல்கிறேன். கிரீஸைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் உங்கள் ரிங் என்ன ரப்பர் என்று தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்று கிடையாது. நைட்ரைல் என்ற ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும். ஈபிடிஎம் என்ற இன்னொரு வகை தாங்காது, ஊறிப் பருத்துவிடும். பழைய கெக் ஒன்றைப் பழுது பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் கொண்டுவந்தார், முன்பு வைத்திருந்தவர் பெட்ரோலியம் ஜெல்லி தடவியே ஓட்டியிருக்கிறார் போல, மூடி ரிங் அதன் பள்ளத்தில் உட்காராமல் பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஈபிடிஎம்மா நைட்ரைலா என்று சந்தேகம் வந்தால் கழித்துப்போட்ட ரிங்கில் ஒரு துண்டு வெட்டி மினரல் ஆயிலில் சில நாள் போட்டு வையுங்கள், பருத்தால் ஈபிடிஎம். இந்த ரெண்டுக்குமே சிலிகான் கிரீஸ் சரிப்படும். ஆனால் ரிங்கே சிலிகான் ரப்பர் என்றால் சிலிகான் கிரீஸ் தடவாதீர்கள், ஒரே இனம் என்பதால் உள்ளே ஊறிவிடும். கொஞ்சம் மென்மையாக உட்காரட்டும் என்று மூடிக்குச் சிலிகான் ரிங் போடுபவர்கள் அதை வெறும் தண்ணீரில் நனைத்துப் போட்டாலே போதும்.

இந்திராநகரிலிருந்து:

அண்ணா சொன்ன ஊறல் விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. நான் கெக்கில் நைட்ரஜன் ஏற்றிக் குளிர் காபி செய்கிறேன். அந்தக் காபிக்கு அழகே மேலே நிற்கும் நுரைதான். சிலிகான் எண்ணெய் நுரையை அடக்கும், உணவுத் தொழிற்சாலைகளில் நுரை பொங்காமல் இருக்கவே அதைச் சேர்க்கிறார்கள். அதனால் விரல் நுனியில் துளி எடுத்து, ரிங்கைக் கழற்றி விரல்களுக்கு நடுவே உருட்டி, பளபளப்பு மட்டும் தெரிகிற அளவுக்குத்தான் தடவுவேன். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் துடைத்துவிடுவேன்.

மூடியை மட்டும் கவனித்தால் போதாது. வாயுக் குழாயும் பானக் குழாயும் மாட்டும் முனைகளான ரெண்டு போஸ்டின் வெளிப்பக்கம் இருக்கும் ரிங், கெக்கின் உள்ளே இறங்கும் குழாயின் கழுத்தில் இருக்கும் குட்டி ரிங், இவையும் காய்ந்துபோகும். குழாய்க் கழுத்தில் கசிந்தால் சத்தமே வராது, காலையில் பார்த்தால் சிலிண்டர் காலியாக இருக்கும்.

அல்சூரிலிருந்து:

அதற்குத்தான் சோப்புத் தண்ணீர். மூடி போட்டதும் 30 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி ரிங்கை உட்காரவைத்து, எல்லா மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பரிமாறும் அழுத்தத்துக்கு இறக்குவேன். அப்போதும் குமிழி வந்தால் மேலும் கிரீஸ் அப்ப மாட்டேன். ரிங்கில் வெட்டோ தட்டையோ இருக்கும், கிரீஸால் அதை அடைக்க முடியாது. செகண்ட் ஹேண்ட் கெக் வாங்கினால் ரிங் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். பழைய சோடா சிரப் வாடை ரப்பரில் ஏறியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது.