வாகரைக்கு வனாமி வேண்டுமா?

கல்லடிக்காரன்:
மட்டக்களப்பு வாகரைப் பக்கம் இறால் பண்ணை என்ற பேச்சு எழுந்தாலே, வாவி கெட்டுவிடும் என்று ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. கடலில் பிடித்த தாய் இறாலை நம்பியிருந்த காலத்துப் பயம் அது. வனாமி என்ற வளர்ப்பு இறாலில் நோய்க்கிருமி நீங்கிய தாய்ப் பரம்பரையை ஹவாயில் 1990களிலேயே உருவாக்கிவிட்டார்கள். 2019இல் அதன் மரபணுத்தொகுதியும் வெளியாகிவிட்டது. பரிசோதித்த குஞ்சை விட்டால் வெண்புள்ளி வைரஸ் நோய் எங்கிருந்து வரும்?

வாழைச்சேனை வலைஞன்:
வாய்க்காலில் இருந்து வரும், தம்பி. கிருமி நீங்கிய குஞ்சு என்றால், சோதிப்பதற்கென்று பட்டியலிட்ட கிருமிகள் அதனிடம் இல்லை என்பது மட்டுமே பொருள். நோயைத் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அந்த வைரஸ் நண்டிலும் இருக்கும். வாவி நண்டு உங்கள் வரம்பில் ஏற அனுமதி கேட்குமா? 1996இல் புத்தளத்தில் வெண்புள்ளி பரவியது நினைவிருக்கிறதா? அங்குள்ள டச்சுக் கால்வாயில் ஒரு பண்ணைக்காரர் கழித்த நீரைத்தான் அடுத்தவர் இறைத்தார்.

ஆய்வுகூடத்துப் பிள்ளை:
கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையையும் முழுதாக நம்ப முடியாது. 150 குஞ்சுகளை எடுத்துச் சோதிப்பது வழக்கம். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான தொற்று அதில் நழுவிவிடலாம். பிறகு குளத்தில் இறால் தீனியை விடும், கரையோரம் ஒதுங்கும். தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் சுண்ணாம்புத் துளிபோல் புள்ளிகள் தெரியும். அப்போது மருந்து தேடிப் பயனில்லை. மூன்று முதல் பத்து நாளில் குளமே காலியாகிவிடும்.

கல்லடிக்காரன்:
அதற்குத்தானே மரபணு ஆராய்ச்சி! 1992இல் எக்குவடோரில் டோரா என்ற இன்னோர் இறால் வைரஸ் நோய் வந்தது. தப்பிப் பிழைத்தவற்றைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, அந்த நோயைத் தாங்கும் வனாமியை உருவாக்கினார்கள்.

ஆய்வுகூடத்துப் பிள்ளை:
டோராவுக்குச் சரி. வெண்புள்ளியைத் தாங்கும் தன்மை அவ்வளவு எளிதாகத் தலைமுறைக்குக் கடப்பதில்லை. இறாலுக்கு நம்மைப்போல் எதிர்ப்புப் புரதம் உருவாகாததால், வழக்கமான தடுப்பூசியும் கைகொடுக்காது.

வாழைச்சேனை வலைஞன்:
அதனால்தான் கேட்கிறேன். குஞ்சின் சான்றிதழை எத்தனை முறை காட்டுவீர்கள்? கழிவுநீர் எங்கே போகிறது என்ற வரைபடத்தைக் காட்டுங்கள். நீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குளம் அதில் உண்டா?

கல்லடிக்காரன்:
அண்ணா, அதற்கு நிலத்தில் கால்வாசி போய்விடும். பிறகு இலாபம் எங்கே?

வாழைச்சேனை வலைஞன்:
அந்தக் கால்வாசியை எங்கள் வாவியிடம் வாங்கப் பார்க்கிறீர்கள். அதுவும் இனாமாக.